சங்கு அறுக்கும் மெஷினுக்கு ஒரு ஸ்டாண்டு

“அண்ணாச்சி, ஸ்டாண்டு, கம்பெனில இருந்த அதே ஒசரம் வேணும். கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம். மத்ததெல்லாம் ஒங்க இஷ்டம். – பிலோமினா.”

சென்ற ஆண்டு ஆடி மாதம் பிறந்த அன்று காலையில் என் கைப்பேசிக்கு வந்த செய்தி இது. அன்றைய நாட்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். கைப்பேசிச் செய்தி என்றைக்கு அழியும் என்று யாருக்கும் தெரியாது. காகிதத்தைக் கரையான் அரித்தால், அரித்த இடமாவது தெரியும்.

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களில் சிலர் அண்மையில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். வீட்டில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருப்பவர்கள் வந்து, ‘அறுக்கிற மெஷினுக்கு எந்த ஸ்டாண்டு நல்லது, வாங்கலாமா, செய்யலாமா’ என்று கேட்கிறார்களாம். என்ன பதில் சொல்வது? துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கருவிகளைப் பழுது பார்த்தே என் பணிக்காலம் கழிந்தது. ஓய்வு பெற்றபின்தான் வீட்டு மெஷின்களின் பக்கம் வந்தேன். கிரேனைத் தாங்கும் அடித்தளமும் வீட்டு மெஷினைத் தாங்கும் ஸ்டாண்டும் ஒரே விஷயம்தான், அளவில்தான் வேறு என்று நினைத்திருந்தேன். அது முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். எந்தத் தகட்டை எப்படிப் பற்றவைப்பது என்பதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்வீர்கள், அதை விட்டுவிடுகிறேன்.

பிலோமினா கடற்கரைத் தெருக்காரி. கணவர் கப்பல் வேலை, வருடத்தில் பாதிக்குமேல் ஊரில் இருக்கமாட்டார். சங்குப் பொருட்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவள் பல ஆண்டுகள் சங்கு அறுத்தவள். சங்கைக் கையில் பிடித்து, சுழலும் சக்கரத்தில் கொடுத்து, வளையம் வளையமாக வெட்டி எடுக்கும் வேலை. தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். சக்கரம் சூடாகாமலும் தூள் பறக்காமலும் இருப்பதற்கு. அந்த வளையங்கள் கல்கத்தா போய், வேலைப்பாடு செய்யப்பட்டு, அங்கே கல்யாணமான பெண்களின் கைகளில் வளையல்களாகும்.

கம்பெனி அறுப்புப் பிரிவை மூடியபோது, அங்கே கிடந்த பழைய மெஷின் ஒன்றை பிலோமினா வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். மோட்டார், அச்சு, சக்கரம், தண்ணீர் சொட்டும் குழாய். அவ்வளவுதான். அது உட்கார்ந்திருந்த மேஜை சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததால் அங்கேயே நின்றுவிட்டது.

கல்கத்தா ஏஜென்ட் ஒருவர் அவளுக்கு மூன்று சங்குகளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முந்தைய நாள் கீழக்கரையிலிருந்து திரும்பி வருவதாகவும், வெட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, நன்றாக இருந்தால் தொடர்ந்து வேலை தருவதாகவும் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் திருவிழா முடிந்ததும் பிலோமினா இறால் கம்பெனி வேனில் ஏற வேண்டும். அந்த வேலையை ஒரு மழைக்காலம் பார்த்தவள் அவள்.

“ஐஸ் தண்ணிக்குள்ள கைய விட்டுட்டே நிக்கணும் அண்ணாச்சி. வீட்டுக்கு வந்து சோத்தப் பெசஞ்சா, சூடா சோறு, ஆறுன சோறுன்னு வெரலுக்குத் தெரியாது” என்றாள். “சங்கு வெட்டுத கை அது. அதக் கொண்டுபோயி ஐஸ்ல போடச் சொல்லுதியளா?”

நான் போடச் சொல்லவில்லை. ஸ்டாண்டு செய்து தருகிறேன் என்று சொன்னேன்.

ஆனால் நான் போவதற்கு முன்பே அந்த வீட்டில் ஒரு ஸ்டாண்டு வந்து நின்றது. பிலோமினாவின் கொழுந்தன் அந்தோணி, கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன், கைப்பேசியில் படம் பார்த்து வரவழைத்திருந்தான். அலுமினியக் கால்கள், மடக்கலாம், விரிக்கலாம், சக்கரம் வைத்து இழுத்துக்கொண்டு போகலாம். பளபளப்பாக இருந்தது.

“எப்படி அண்ணாச்சி? வேண்டாம்னா மடக்கி கட்டிலுக்கு அடியில தள்ளிரலாம்” என்றான்.

“மெஷினையும் மடக்குவியாலே?”

“அதுக்கு ஒரு வழி பண்ணுவோம்.”

அந்த ஸ்டாண்டைக் குறை சொல்ல மாட்டேன். மரவேலைக்காரர்கள் வேலை நடக்கும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதற்காகச் செய்யப்பட்டது அது. அதற்கு நல்ல ஸ்டாண்டு. பிலோமினாவின் மெஷினோ எங்கும் போகப் போவதில்லை. அதற்கு இலேசான கால்கள் தேவையில்லை, கனமான கால்கள்தான் தேவை. இதை வாயால் சொன்னால் அந்தோணி ஒத்துக்கொள்ள மாட்டான் என்பதால், மெஷினை அதன்மேல் தூக்கி வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, ஓடவிட்டேன். தண்ணீர் முதலில் சிலிர்த்தது. பிறகு டம்ளர் மெல்ல நகர்ந்து, விளிம்பு வரை வந்து, கீழே குதித்தது.

“காலு ஸ்டாண்டுக்கா, டம்ளருக்கான்னு தெரியலயே” என்றாள் பிலோமினா.

அந்தோணி டம்ளரை எடுத்து நெளிவு பார்த்தான். “சரி மைனி, இதுல நம்ம துணி காயப் போட்டுக்கிடுவோம்.” சொன்னபடியே இன்றுவரை அந்த ஸ்டாண்டில் துணிதான் காய்கிறது.

ஆகவே செய்வது என்று முடிவாயிற்று. கம்பெனிக்குப் போய், காவலாளியிடம் சொல்லிவிட்டு, சுவரோடு நின்ற அந்த மேஜையை நானே டேப்பால் அளந்தேன். ஒருமுறைக்கு இருமுறை. கனமான சதுரக் குழாயில் நான்கு கால்கள், குறுக்கே பட்டைகள், மேலே தடித்த தகடு. குழாய்க் கால்கள் உள்ளே வெற்றாக இருந்தால் மோட்டார் ஓடும்போது தவில் மாதிரி அதிரும். அதனால் காய்ந்த மணலை உள்ளே நிரப்பி அடைத்துவிடுவது வழக்கம். அதிர்வை மணல் தின்றுவிடும். கூடவே கனமும் கூடும்.

மணல் வேண்டும் என்று சொன்ன மாத்திரத்தில் அந்தோணி வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். வாசலைத் தாண்டினால் கடற்கரை. எங்கள் ஊர்க்காரன் மட்டும்தான் இந்தத் தப்பைச் செய்வான். மணல் என்றால் காசு கொடுத்து வாங்குகிற பொருள் என்ற எண்ணமே அவனுக்கு வராது.

“ஏலே, அது உப்பு மண்ணு. அத இரும்புக்குள்ள போட்டு மூடுனா, வெளிய பெயிண்டு அடிச்சது அடிச்சபடி இருக்கும், உள்ளுக்குள்ள காலு கரைஞ்சு போவும். ஒரு நாளு ஒன் மைனி சங்கப் பிடிச்சிட்டு நிக்கும்போது மெஷினு மண்டி போடும்.”

“அப்ப ஆத்து மணலா? பக்கத்துல வீடு கட்டுதாவ. ஒரு வாளி கேப்போம்.”

கேட்டு வாங்கி வந்தான். வெயிலில் காயப்போட்டு, நிரப்பி, கால்களின் அடியில் தகடு வைத்து மூடினேன். மின்சாரத்துக்குத் தனி இணைப்பும் எர்த்தும் போட எலெக்ட்ரீஷியன் வருவதற்குத்தான் தாமதமாகிவிட்டது. தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாக நிற்கிற இடத்தில் எர்த் இல்லாமல் மெஷினை ஓட்டக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அவர் வந்து முடித்தது ஏஜென்ட் வருவதற்கு முந்தைய மாலை. அதனால் சங்கை வைத்து ஓட்டிப் பார்க்க ஏஜென்ட் வரும் அந்த நாள்தான் மிச்சம்.

அன்று காலை நானும் போயிருந்தேன். காற்று ஓங்கி வீசிக்கொண்டிருந்தது. ஆடிக் காற்றில் சங்கு குளிப்பவர்கள் கடலுக்குள் இறங்கமாட்டார்கள். வீட்டில் இருக்கும் மூன்று சங்குகளைத் தவிர வேறு சங்குக்கு வழியில்லை. ஏஜென்ட் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவார்.

மெஷின் அசையாமல் ஓடியது. டம்ளரை வைத்தேன்; தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அந்தோணி கை தட்டினான். பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டு முதல் சங்கை எடுத்துச் சக்கரத்தில் கொடுத்தாள்.

வெட்டிய வளையம் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது, மெலிந்த பக்கத்தில் அவள் கையிலேயே உடைந்தது. இரண்டாவது சங்கை எடுத்தாள். முதல் வளையமே கோணல். அடுத்த வெட்டில் சக்கரத்தின் சத்தம் கரகரத்து மாறியது. சங்கின் உடம்பெல்லாம் விரிசல் ஓடிவிட்டது.

ஸ்விட்சை அணைத்துவிட்டு பிலோமினா விரிசல் விட்ட சங்கைத் தண்ணீர் வாளிக்குள் போட்டாள். மூன்றாவது சங்கு ஜன்னல் மேடையில் இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

முதலில் பேசியது அந்தோணி. “சக்கரம் கோணலா இருக்கு. அச்சு ஆடுது.”

அச்சு ஆடவில்லை, நான் பார்த்திருந்தேன்.

“அப்ப ஸ்டாண்டு தரையில பிடிக்கல. நாலு போல்ட்டு போட்டுத் தரையோட எறுக்கிருவோம்.”

“தரைக்கு அடியில கடல் மண்ணுலே. போல்ட்டு எதப் பிடிக்கும்?”

“அப்ப கரண்டு. ஓல்ட்டேஜு கம்மி.”

பிலோமினா அவனைப் பார்த்தாள். “எல்லாத்தயும் சொல்லிட்ட. என் கை போச்சுன்னு மட்டும் சொல்லாம விட்டுட்ட. அதயும் சொல்லிரு.”

அவள் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. கம்பெனி மூடி இத்தனை மாதத்தில் கை மறந்துவிட்டதோ என்ற பயம். சங்கு வெட்டுபவருக்கு இதைவிடப் பெரிய பயம் கிடையாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி வேறொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலையில் சேர்ந்த புதிதில் எங்களுக்கு ஒரு ஃபோர்மேன் இருந்தார். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது என்று நினைக்கிறேன்; பெயர்ப்பலகை வைக்கக்கூட விடமாட்டார். ஒருநாள் பிற்பகல், கப்பலிலிருந்து உரம் இறக்கும் கிரேனின் வாளி, கப்பலின் சரக்கறை வாயின் விளிம்பில் முட்டிக்கொண்டே இருந்தது. பிரேக் போய்விட்டது என்றார் ஒருவர். கயிறு நீண்டுவிட்டது என்றார் இன்னொருவர். கப்பல் காத்திருந்தது, ஆளாளுக்குக் கத்தினார்கள். ஃபோர்மேன் மெயினை அணைக்கச் சொன்னார். ஓட்டுநரை மட்டும் மேலே ஏற்றி, “ஓட்ட வேண்டாம், ஓட்டுத மாதிரி கையக் காட்டு” என்றார். தானும் ஏறி ஓட்டுநரின் பக்கத்தில் நின்று அவர் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார். ஓட்டுநர் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தார். கீழே சைகை காட்டும் ஆளுக்குப் பின்னால் மேற்குச் சூரியன். சைகையே தெரியவில்லை. சைகை காட்டுபவரை எதிர்ப்பக்கம் மாற்றி நிறுத்தினார்கள். பிரேக்கை யாரும் தொடவே இல்லை.

எல்லோரும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை நிறுத்திவிட்டு, ஆளைப் பார்ப்பது. நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

பிலோமினா வீட்டிலும் மெயினை அணைத்தேன். அந்தோணியை டீ வாங்கி வர அனுப்பினேன். அவன் போனபிறகு வீடு அமைதியானது.

“பிலோமினா, சங்கு வேண்டாம். சும்மா நில்லு. கம்பெனில எப்படி வெட்டுவியோ அப்படிக் கைய வச்சிக் காட்டு.”

“எதுக்கு அண்ணாச்சி? கொடும்பாவி மாதிரி நிக்கவா?”

“சும்மா நில்லுளா.”

நின்றாள். வெறுங்கையால் சங்கைப் பிடிப்பது போலப் பிடித்தாள். நான் முதலில் பார்த்தது முழங்கையை. அது விலாவை விட்டு விலகி, கோழி இறக்கை விரித்தது மாதிரி மேலே நின்றது. முழங்கை மேலே நின்றால் மணிக்கட்டு சாயும். மணிக்கட்டு சாய்ந்தால் சங்கு சாயும். கோணல் வந்த வழி தெரிந்துவிட்டது. ஆனால் உயரம் நான் அளந்த அதே உயரம்தானே? அதே மேஜையில், அதே மெஷினில் இத்தனை ஆண்டுகள் எப்படி நேராக வெட்டினாள்?

பிறகுதான் அவள் காலைப் பார்த்தேன். வலது கால், செருப்பில்லாத வெறுங்கால், தரையில் எதையோ தடவித் தேடிக்கொண்டிருந்தது. முன்னால் போய், பக்கத்தில் போய், வெறுமையாகத் திரும்பி வந்தது. அவளுக்கே அது தெரியவில்லை.

“என்னளா தேடுத?”

“நானா? ஒண்ணும் தேடலயே.”

“ஒன் காலு தேடுது.”

குனிந்து பார்த்தாள். ஒரு நொடி ஒன்றும் புரியாமல் நின்றாள். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அய்யோ, பெட்டி! அண்ணாச்சி, மீன் பெட்டி!”

கம்பெனியில் அவள் நின்றது தரையில் இல்லை. மீன் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் வெட்டியிருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே மேஜை எட்டவில்லை என்று யாரோ தள்ளிவிட்ட பெட்டி. அன்றிலிருந்து அதன்மேல்தான். தரையெல்லாம் சங்குத் தண்ணீர் ஓடும். பெட்டிமேல் நின்றால் கால் நனையாது என்பதும் ஒரு வசதி. நாளாக ஆக அது பெட்டி என்பதே மறந்துபோய், தரையாகிவிட்டது. ‘அதே ஒசரம்’ என்று அவள் எழுதியபோது பொய் சொல்லவில்லை. அவள் தரை அந்த உயரத்தில்தான் இருந்தது. நான் அளக்கப் போன நாளில் பெட்டி அங்கே இல்லை. யாரோ மீன் போட எடுத்துப் போயிருப்பார்கள்.

டீயோடு வந்த அந்தோணியிடம் விஷயத்தைச் சொன்னோம். டீயை வைத்துவிட்டு வாசலைப் பார்த்துத் திரும்பினான். “இவ்வளவுதானா? கரையில நூறு பெட்டி கெடக்கு. இந்தா வாரேன்.”

“நில்லுலே” என்றேன்.

இங்கேதான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. பெட்டி வந்தால் வேலை உடனே நடக்கும். ஆனால் கம்பெனித் தரை சொரசொரப்பான சிமெண்ட். பிலோமினா வீட்டுத் தரை வழவழப்பான டைல்ஸ். அதன்மேல் தண்ணீர், அதன்மேல் பிளாஸ்டிக் பெட்டி, அதன்மேல் அவள், அவள் முன்னால் சுழலும் சக்கரம். ஒருநாள் அவசரமாக ஏறும்போது பெட்டி வழுக்கினால் கை எங்கே போய் விழும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொரு வழி, காலை அறுத்து ஸ்டாண்டைத் தாழ்த்துவது. நேரம் பிடிக்கும். அறுத்ததை மறுபடி ஒட்ட அன்றைக்கு வழியில்லை.

இரண்டையும் சொன்னேன். முடிவை நான் எடுக்கவில்லை; கை அவளுடையது.

“பெட்டி மேல நின்னா ஒரு வசதி அண்ணாச்சி” என்றாள் யோசனையோடு. “மேஸ்திரி எவ்வளவு தூரத்துல வாரான்னு தெரியும்.”

“இங்கன நீதான மைனி மேஸ்திரி” என்றான் அந்தோணி.

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. “கொறச்சது கொறச்சதுதான? கூட்ட முடியாதுல்லா?”

“இன்னைக்கு முடியாது.”

“தப்பா அறுத்துட்டம்னா?”

“தப்பா அறுக்காம இருக்க ஒரு வழி இருக்கு. அந்தப் பெட்டி எவ்வளவு ஒசரம்?”

அவளுக்குத் தெரியவில்லை. நீலப் பெட்டி, ஒரு மூலை உடைந்தது. அவ்வளவுதான் நினைவிருந்தது. கரையில் நீலப் பெட்டி நாலு உயரத்தில் கிடைக்கும்.

வீட்டுக்குத் தரை போட்டபோது மிஞ்சிய டைல்ஸ் குளியலறை மூலையில் அடுக்கியிருந்தது. அவற்றைக் கொண்டுவரச் சொன்னேன். மெயின் அணைந்திருக்கிறதா என்று மறுபடி பார்த்துவிட்டு, பிலோமினாவைக் கண்ணை மூடி நிற்கச் சொன்னேன். கை வெட்டும் நிலையில். அந்தோணி அவள் காலடியில் டைல்ஸை ஒவ்வொன்றாக அடுக்கினான். ஏறி நிற்பாள், தலையை ஆட்டுவாள், இறங்குவாள். இன்னொன்று.

“இது?”

“இல்ல.”

“இப்ப?”

“கிட்ட வந்துட்டு.”

இன்னும் ஒன்று வைத்தான். ஏறினாள். அவள் முழங்கை தானாக விலாவில் வந்து ஒட்டிக்கொண்டது. தேடிக்கொண்டிருந்த கால் அமர்ந்தது.

“இதுதான்” என்றாள்.

“இன்னொண்ணு வச்சிப் பாப்பமா?”

“வேண்டாம். இதுதான். கண்ணத் தெறக்கவா?”

திறந்ததும் ஜன்னல் மேடையில் இருந்த சங்கைத்தான் பார்த்தாள். “அறுங்க அண்ணாச்சி” என்றாள்.

அந்த டைல்ஸ் அடுக்கைக் கலைக்காமல் ஒவ்வொரு காலின் பக்கத்திலும் நகர்த்தி வைத்து, அடுக்கின் உச்சி தொடும் இடத்தில் காலில் ஆணியால் கோடு கீறினேன். டேப் வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் உண்டு. வீட்டுத் தரை எங்கும் ஒரே மட்டமாக இருக்காது. தரையிலிருந்தே கீறினால், தரையின் மேடுபள்ளமும் கணக்கில் வந்துவிடும். பிறகு மெஷினைக் கழற்றி இறக்கி, ஸ்டாண்டைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். கால்கள் வானத்தைப் பார்த்து நிற்க, அடியில் வைக்கப்போகும் கட்டைக்கும் ரப்பருக்குமாகக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கூடுதலாகவே, அடித்தகட்டோடு சேர்த்து அறுத்தேன். மணல் உள்ளேயே நின்றது, அறுபட்ட துண்டுகளில் இருந்ததைத் தவிர. அது தரையெல்லாம் கொட்டியது.

“விடியக்காலம்தான் பெருக்குனேன்” என்றாள் பிலோமினா.

“ஆத்து மணல் மைனி, ஆசீர்வாதம்” என்றான் அந்தோணி.

மறுபடி பற்றவைக்க நேரமில்லை. விறகுக்குக் கிடந்த உடைமரக் கட்டையைச் செதுக்கி, நான்கு கால்களின் வாயிலும் ஆப்பு மாதிரி அடித்து அடைத்தோம். அந்தோணி லாரியின் பழைய டியூபை வெட்டி அடியில் அறைந்தான். டைல்ஸில் அது பல்லி மாதிரி பிடித்துக்கொண்டது. பார்க்க அழகில்லைதான். மெஷினை ஏற்றி, போல்ட்டுகளை இறுக்கி, தண்ணீர்க் குழாயை மாட்டும்போது மாதா கோயில் மதிய மணி அடித்தது.

அவள் மூன்றாவது சங்கை எடுத்தாள். நான் அவள் கையைப் பார்க்கவில்லை; பாதங்களைத்தான் பார்த்தேன். இரண்டும் தரையில் முழுதாகப் பதிந்திருந்தன. சக்கரத்தின் சத்தம் ஒரே சீராக வந்தது. கரகரப்பில்லை. வெள்ளைத் தண்ணீர் வழிந்தது. வளையம் ஒன்று தட்டில் விழுந்தது. அவள் அதைத் தொடவில்லை. நிறுத்தாமல் அடுத்ததை வெட்டினாள், அதற்கடுத்ததையும். சங்கு முடிந்தபிறகுதான் மெஷினை நிறுத்தி, வளையங்களைக் கழுவி, மேஜைமேல் ஒவ்வொன்றாகப் படுக்கவைத்தாள். விரலால் தட்டிப் பார்த்தாள். ஒன்றுகூட ஆடவில்லை.

“கை இருக்கு” என்றாள். எங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

ஏஜென்ட் வந்தபோது, உடைந்ததையும் கோணலையும் அவள் ஒளித்து வைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே துணியில் பரப்பி வைத்திருந்தாள். அவர் அமைதியான மனிதர், எங்கள் ஊர்த் தமிழைக் கால்வாசி பேசுவார். கோணல் வளையத்தை எடுத்து, “இது என்ன?” என்றார்.

“அது நான் மெஷினு ஒசரத்துக்குப் போனப்ப வெட்டுனது. இது மெஷினு என் ஒசரத்துக்கு வந்தப்ப வெட்டுனது.”

எவ்வளவு புரிந்ததோ, அவர் சிரித்தார். நல்ல வளையங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி மேல் வைத்து ஆடுகிறதா என்று பார்த்தார். கடைசியில் ஸ்டாண்டின் மரக்கால்களைக் குனிந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அது தற்காலிகம் என்று சொன்னேன். திருவிழா முடிந்ததும் ஒரு மூட்டை சங்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அனுப்பினார். சப்பரம் கோயிலுக்குள் திரும்பிய மறுநாள் மூட்டை வந்தது. அந்தத் தேதியும் என்னிடம் குறிப்பில் இருக்கிறது. பிலோமினா இறால் கம்பெனி வேனில் ஏறவில்லை. மரக்கால்களுக்குப் பதிலாகத் திருகி ஏற்றி இறக்கும் இரும்புப் பாதங்களை ஆவணியில் வைத்துக் கொடுத்தேன். அவள் அவற்றை ஒருமுறைகூடத் திருகவில்லை.

ஆகவே, தம்பி தங்கைகளே, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். கடையில் வாங்கினாலும் சரி, செய்தாலும் சரி. தரை என்ன தரை என்று பாருங்கள். தண்ணீர் எங்கே போகும் என்று பாருங்கள். எர்த் இல்லாமல் கையை வைக்காதீர்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு மெஷினை நிறுத்தி வைத்துவிட்டு, அதை ஓட்டப் போகிறவரை வெறுங்கையோடு அதன்முன் நிற்கச் சொல்லுங்கள். அவர் சொல்லும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் நிற்பதையும் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் டேப்பை எடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் நிற்பதைத்தான் நம்ப வேண்டும்.

இன்னொன்று என்னை விடாமல் தொடர்கிறது. இந்தக் கரையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்திருக்கிறேன். முத்துக் குளித்த படகுகளைப் பற்றி இருக்கிறது. முத்துக்குளிப்புக்குக் காவல் நின்றவர்களைப் பற்றி இருக்கிறது. முத்தை யார் யார் பங்கு போட்டார்கள் என்றும் இருக்கிறது. சங்கு அறுத்தவர்கள் எந்த மேஜையில், எந்த உயரத்தில் நின்றார்கள் என்று நான் வாசித்த எதிலும் இல்லை. எனவே அந்தக் கம்பெனி மேஜையை ஏன் அவ்வளவு உயரமாகக் கட்டினார்கள் என்று விசாரித்தேன். முதன்முதலில் அங்கே வெட்டிய கீழக்கரைக்காரர் ஒருவர் மிக உயரமான ஆள், அவருக்காகக் கட்டியது என்றார் காவலாளி. உடைத்த கப்பல் ஒன்றிலிருந்து வந்த பலகை, கப்பலில் அது இருந்த உயரத்துக்கே சுவரில் பதித்துவிட்டார்கள் என்று தான் கேள்விப்பட்டதாகச் சொன்னாள் பிலோமினா. அங்கே அவளுக்கு முன்னால் வெட்டிய ஒரு பெண்ணைத் தேடிப்போய்க் கேட்டேன். தான் நின்றது கருங்கல் ஒன்றின் மேல் என்றார் அவர்.

மேஜையை இடித்தெடுத்து விற்றுவிட்டார்கள். அந்த உயரமான மனிதர் உண்மையில் அங்கே இருந்தாரா, அந்த மேஜையின் முன் தரையில் கால் பதித்து நின்று யாராவது ஒருவர் என்றைக்காவது சங்கு வெட்டியிருக்கிறாரா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படவில்லை.